உட்கார்ந்த அளவு

"கால் தெரியுதே டாக்டர்" என்று இசக்கியம்மாள் மறுபடியும் சொன்னாள்.

அவள் குப்புறப் படுத்திருந்தாள். நைட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, ஒரு கையால் நைட்டியின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இடது கால் வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளத்தது. தொட்டாலே கத்துகிற வலி. அந்த வலியிலும் அவளுக்குக் கவலை கால் வெளியே தெரிவதைப் பற்றித்தான்.

"இங்க நானும் உன் ஃப்ரெண்டும்தான் இருக்கோம். கையை எடு" என்றார் டாக்டர் ஹெப்சிபா. முழங்காலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார்.

ஃப்ரெண்ட் மாரிச்செல்வி கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். இருவரும் திருநெல்வேலி கனிமுத்து சில்க்ஸில் பட்டுப் பிரிவு, ஒரே ஹாஸ்டல். இசக்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தது அவள்தான். பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அவள் அதில் உட்காரவில்லை. டாக்டரும் உட்காரச் சொல்லவில்லை.

"நரம்பு சுருண்டுக்கிட்டா டாக்டர்?" என்று மாரிச்செல்வி கேட்டாள்.

"சுருட்டல் தோலுக்கு அடியில வர்றது. இது அதைவிட ஆழம்" என்று ஹெப்சிபா திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்த வெள்ளைப் புள்ளி உணர்ச்சி நரம்பு. ரொம்ப ஆழத்துல துடிக்குது பாரு, அது காலுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் சிரை. காலுக்கு வந்த ரத்தம் திரும்பி மேல போற வழி. கெண்டைக்கால்ல இருந்து வர்ற ஆழமான சிரையெல்லாம் இங்கதான் ஒண்ணு சேருது. பின்னங்கால் தோலுக்கு அடியில ஏறி வர்ற சின்னதும் இங்கதான் வந்து விழுது."

"நம்ம வண்ணாரப்பேட்டை ரவுண்டானா மாதிரி."

"அதேதான். அங்க ஒரு லாரி நின்னுபோச்சுன்னா?"

மாரிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஹெப்சிபா முதலில் வலது முழங்காலின் பின்புறத்தைக் கருவியால் அமுக்கிக் காட்டினார். திரையில் அந்தக் கறுப்பு வட்டம் நசுங்கிக் காணாமல் போனது. நல்ல சிரை அப்படித்தான், அமுக்கினால் சப்பையாகிவிடும். பிறகு இடது காலில் அமுக்கினார். வட்டம் வட்டமாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இசக்கி தலையணையைக் கடித்தாள். வட்டம் அசையவில்லை. அதன் நடுவே இரண்டு கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ஹெப்சிபா வடிவமைத்து, ஹெப்சிபாவே தன் கையால் பொருத்திய வால்வு.

"எப்ப இருந்து வலி?"

"அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன் டாக்டர்" என்றது தலையணைக்குள்ளிருந்து வந்த குரல். "வீட்டுல ஒரு வேலையும் செய்ய விடல. நாள் பூரா பிளாஸ்டிக் சேர்ல சாஞ்சுக்கிட்டு, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ரொம்பத்தான் சொகுசு பண்ணிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உக்காந்தது தப்பா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் ஹெப்சிபா. குரலில் தெம்பே இல்லை. ஏனென்றால் இதற்கு முன் இப்படி ரத்தம் உறைந்து வந்தவர்களும் அதே கடைதான், அதே வால்வுதான். எல்லோரும் லீவில் போய் நன்றாக உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வால்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர் ஜவுளிக்கடைகளில் வேலை செய்கிற பெண்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் "அந்த மெரூன் கலரை எடும்மா, அதுக்குக் கீழ இருக்கிறதை எடும்மா" என்று நாம் ஜமக்காளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம். நிற்கிற காலில் ரத்தம் தேங்கும். சிரைக்குள் இயற்கை வைத்த வால்வுகள், இரண்டு இதழ் கூடியவை, ரத்தத்தை மேலே போக விட்டுக் கீழே இறங்க விடாமல் தடுப்பவை. வருஷக்கணக்காக நின்றால் அவை தளர்ந்துபோகும். அப்புறம் வீக்கம், சுருட்டல், ஆறாத புண்.

அந்தப் புண்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய்த்தான் ஹெப்சிபா முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் ஆழமான சிரையில் வைக்கிற செயற்கை வால்வைச் செய்தார். அது சும்மா திறந்து மூடும் கதவு இல்லை. நிற்கிறாயா, நடக்கிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா என்று அதுவே உணர்ந்துகொள்ளும். நிற்கும்போது விட்டுவிட்டு இறுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். உட்கார்ந்தால் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கடைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் வாட்ச்மேன். "உனக்கு வாட்ச்மேன் போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

நன்றாகத்தான் வேலை செய்தது. ராத்திரி கால் வலியில் அழுத பெண்கள் படியில் குதித்து இறங்கினார்கள். கனிமுத்து சில்க்ஸ் முதலாளி தவசிக்கனி அண்ணாச்சி தன் கடையில் எல்லோருக்கும் போடச் சொன்னார். அப்புறம் நடந்ததை ஹெப்சிபா எதிர்பார்க்கவில்லை. கால் வலிக்காதவளுக்கு நாற்காலி எதற்கு என்று கடைக்குத் தோன்றியது. வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து ஒவ்வொரு பிரிவிலும் போட்டிருந்த நாற்காலிகளின் மேல் சேலைப் பெட்டிகள் ஏறின. வேலை நேரம் நீண்டது. அந்த வருஷம் ஆடித் தள்ளுபடி விழாவில் ஹெப்சிபாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெண்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். பொன்னாடையை வாங்கிக்கொண்டபோது நாற்காலிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இசக்கியை வார்டில் சேர்த்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றிவிட்டு, ஹெப்சிபா சென்னையில் வால்வு தயாரிக்கும் கம்பெனியின் பொறியாளர் வரதனைப் போனில் கூப்பிட்டார்.

"வால்வு அனுப்பின பதிவையெல்லாம் பார்த்துட்டேன் டாக்டர்" என்றான் வரதன். "உறைஞ்ச எல்லாக் கேஸும் ஒரே மாதிரி. உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆகுது. அதனால மேலிடத்துல ஒரு அறிவிப்பு தயார் பண்ணியிருக்காங்க. வால்வு பொருத்தியவங்க நெடுநேரம் உட்காருவதைத் தவிர்க்கணும்னு. நீங்க கையெழுத்து போட்டா உடனே எல்லாக் கடைக்கும் போயிடும்."

"உட்காரக் கூடாதா? இந்த வால்வே அவங்க கால் நல்லா இருக்கணும்னு செஞ்சது, வரதன். மனுஷி எப்படி உட்காராம இருப்பா?"

"படுக்கலாம் டாக்டர். கால் நீட்டிப் படுத்தா பிரச்சினை இல்லை. முழங்கால் மடங்கியிருக்கும்போதுதான். உங்களுக்குத் தெரியாததா? முழங்கால் மடங்கினா அந்தச் சிரையும் மடங்கும். மடங்கின குழாயை வால்வு விட்டுவிட்டு இறுக்கினா உள்சுவர் புண்ணாகும். புண்ணான இடத்துல ரத்தம் உறையும்."

"உட்கார்ந்தா வால்வு சும்மா இருக்கணுமே?"

"இருக்கலையே. இசக்கியம்மாள் கால்ல நிற்கும்போது இறுக்கினதைவிட அதிகமா இறுக்கியிருக்கு. கெண்டைக்கால் சதை தளர்ந்ததும், இவ நின்னு நின்னு மயங்கி விழப் போறா, காப்பாத்தணும்னு நினைச்சு வேலை செஞ்சிருக்கு. அவ உட்கார்ந்திருக்கான்னு அதுக்குத் தெரியவே இல்லை."

"பொருத்தினதும் ஒவ்வொருத்தருக்கும் அளவு எடுத்துக் கத்துக்கொடுத்தோமே. இது நிற்கிற அளவு, இது நடக்கிற அளவு, இது உட்கார்ந்த அளவுன்னு."

"கொடுத்தோம் டாக்டர். அளவெல்லாம் நீங்கதானே பக்கத்துல இருந்து எடுத்தீங்க? சரியாத்தான் இருக்கும்." வரதன் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார்.

தவசிக்கனி அண்ணாச்சியின் அறை கடையின் முதல் மாடியில் இருந்தது. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் தானே போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பவர். பெரிய சுழல் நாற்காலியில் முதுகை நன்றாகச் சாய்த்து, ஒரு காலை மடக்கி நாற்காலி மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டர், வாங்க. உக்காருங்க. அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

"பிழைச்சுட்டா அண்ணாச்சி. உறைஞ்சது நுரையீரலுக்குப் போயிருந்தா..."

"செலவைப் பத்தி நெனைக்காதிய. நான் பாத்துக்கிடுதேன். அது நம்ம வீட்டுப் புள்ள." உண்மையாகத்தான் சொன்னார். "கம்பெனிக்காரங்க பேசினாங்க. உக்காரக் கூடாதுன்னு நீங்க எழுதிக் குடுக்கப் போறியளாமே. நல்லது. அந்த நாற்காலி எல்லாத்தையும் குடோன்ல போடச் சொல்லிட்டேன். சட்டம் பேசிக்கிட்டு ஆபீசர் வருவாரு, டாக்டர் எழுத்து இருந்தா அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. புள்ளைக உசுருதான முக்கியம்?"

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன் அண்ணாச்சி. எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேணும்."

"எதுக்கு? நானும் நின்ன காலுதான் டாக்டர். எனக்கு எந்த வாட்ச்மேனும் கெடையாது. நின்னுதான் இந்தக் கடை வந்துச்சு."

ஹெப்சிபா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் தன் கெண்டைக்கால் கல்லாக இறுகியிருப்பதை உணர்ந்தார்.

குனிந்து பார்த்தார். கைப்பை மடியில். இரண்டு கையும் கைப்பை மேல். முதுகு நாற்காலியைத் தொடவில்லை. நாற்காலி அத்தனை பெரிதாக இருக்க, அவர் அதன் விளிம்பில் நாலு விரல் அகலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்தது. உடம்பின் பாதி எடை காலில்தான் நின்றது. அண்ணாச்சி எழுந்தால் தானும் சட்டென்று எழுந்துவிடத் தோதாக, அரைகுறையாக நின்றுகொண்டுதான் இருந்தார்.

பெரியவர்கள் முன்னால் நாம் உட்காரும் விதம் இதுதான். "உட்காருங்க" என்பார்கள், "பரவால்ல சார்" என்போம், மறுபடி சொன்னால் நுனியில் தொற்றிக்கொள்வோம். உட்கார்ந்ததாகவும் ஆயிற்று, உட்காராததாகவும் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஹெப்சிபாவுக்கு அளவு எடுத்த நாட்கள் ஞாபகம் வந்தன. இதே கட்டடத்தில்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளைக் கோட்டுடன், கையில் டேப்லெட்டுடன் அவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் சூப்பர்வைசர். "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தார்கள். அவர் திரையில் எண்களைப் பார்த்தார். நாற்காலியில் அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அந்த இறுகிய கெண்டைக்காலைத்தான் உட்கார்ந்த அளவு என்று வால்வுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இசக்கி தன் வீட்டில், தன் அம்மா முன்னால், முதல் தடவையாக நாள் பூராவும் நிஜமாக உட்கார்ந்தபோது வால்வுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

காது மடல் சூடானது. வெட்கம். நோயாளி செத்துப்போனால் வருகிற துக்கம் அவருக்குப் பழக்கம். அது வேறு. இந்த வெட்கத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேர் தன் முன்னால் இப்படித் தொற்றிக்கொண்டு இருந்திருப்பார்கள், தான் எவ்வளவு வசதியாக அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்கக் கூசியது.

"என்ன டாக்டர், முகம் ஒரு மாதிரி ஆயிட்டு? தண்ணி சொல்லட்டா?"

"கையெழுத்து போட மாட்டேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி மடக்கி வைத்திருந்த காலைக் கீழே இறக்கினார்.

"வால்வுல தப்பு இருக்கு. உட்காருவதுல தப்பில்ல. அந்தத் தப்பை என்னால திருத்த முடியும். எல்லாருக்கும் புதுசா அளவு எடுக்கணும். மேல் மாடி ஹால், குடோன்ல போட்ட நாற்காலி எல்லாம், அப்புறம் ஒரு மத்தியானம். குடுங்க. சரியா வரலைன்னா நீங்க சொன்னபடி எழுதித் தர்றேன்."

"எல்லாப் புள்ளைகளையும் ஒரே நேரத்துல உக்கார வச்சா வியாபாரத்தை யாரு பாக்கது?"

"ஆடி முடிஞ்சாச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரும் பட்டு எடுக்க மாட்டாங்க. ஒவ்வொரு பிரிவா வரட்டும்."

அண்ணாச்சி யோசித்தார். டாக்டர் எழுத்து இல்லாமல் நாற்காலிகளைக் குடோனில் வைத்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். "ஒரு மத்தியானம்தான்" என்றார்.

திரும்பும் வழியில் ஹெப்சிபா வார்டுக்குப் போனார். இசக்கி கட்டிலில் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத. படு." ஹெப்சிபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ கேட்டல்ல, உக்காந்தது தப்பான்னு. தப்பு என்னுது. உனக்கு அளவு எடுத்தப்ப நான் ஒழுங்காப் பார்க்கல."

இசக்கி பதறிப்போனாள். "அப்படியெல்லாம் சொல்லாதிய டாக்டர்! நீங்க போயி..." என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் கும்பிடுதான் கிடைத்தது. ஹெப்சிபா எழுந்து வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேல் மாடி ஹாலில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. குடோனில் இருந்தவை போதாமல் கேஷ் கவுண்டர் ஸ்டூல், வாடிக்கையாளர் சோபா, அண்ணாச்சி அறை வாசலில் போட்டிருந்தவை என்று கட்டடத்தில் இருந்த எல்லாமே மேலே வந்துவிட்டன. பட்டுப் பிரிவுப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வந்தார்கள். ஒவ்வொருவர் முழங்காலுக்குக் கீழும் ஒரு பட்டை கட்டினார்கள். வால்வுகளைத் திறந்த நிலையில் நிறுத்திவைத்து ஹெப்சிபா டேப்லெட்டைப் பார்த்தார். ஆளுக்கொரு புள்ளி. உடம்பு தளர்ந்து உட்கார்ந்தால் பச்சை. கொஞ்ச நேரம் பச்சையாக நின்றால் வால்வு கற்றுக்கொள்ளும்.

"எல்லாரும் நல்லா சாஞ்சு, வசதியா உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். எல்லாப் புள்ளியும் சிவப்பு.

"இன்னும் நல்லா. முதுகைச் சாய்ங்க."

முதுகைச் சாய்த்தார்கள். பள்ளியில் போட்டோ எடுப்பதற்கு உட்காருவதுபோல இருந்தது. சிவப்பு.

"சூப்பர்வைசர் சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க." அவர் போனார். மூலையில் இருந்த கேமராவின் மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டார்கள். இரண்டொரு புள்ளி மஞ்சளாகித் திரும்பச் சிவந்தது. ஹெப்சிபா வரிசைக்குள் நடந்துபோய் ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். அவர் கிட்டே வர வர அந்தப் பக்கத்துக் கால்கள் இறுகின. தாண்டிப் போனதும் லேசாகத் தளர்ந்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு முடியாவிட்டால் இவர்கள் இனி உட்காரவே கூடாது என்று தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உக்காரக்கூடவா தெரியாது உங்களுக்கு?" என்று கத்திவிட்டார்.

ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புள்ளிகள் ரத்தச் சிவப்பில் இருந்தன. என்ன கேட்டுவிட்டோம் என்று ஹெப்சிபாவுக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை அவர்கள் எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருப்பார்கள்? நிற்கத் தெரியாதா, சேலையை மடிக்கத் தெரியாதா, சிரிக்கத் தெரியாதா. அந்த வரிசையில் இப்போது இவரும்.

அவமானம் தாங்காமல், தன்னைச் சின்னதாக்கிக்கொண்டால் சரியாகுமோ என்ற எண்ணத்தில், அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். நாற்காலிகள் எல்லாம் கிறீச்சிட்டன. அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏன் எந்திரிச்சீங்க?"

மாரிச்செல்விதான் பேசினாள். "நீங்க தரையில உக்காந்தா நாங்க எப்படி டாக்டர் மேல உக்காருவோம்? நல்லாவா இருக்கும்?"

ஹெப்சிபா கீழே இருந்தபடியே அவளைப் பார்த்தார். "நீ எப்பம்மா நல்லா உக்காருவ?"

"ஹாஸ்டல்ல... யாரும் இல்லாதப்ப."

"சூப்பர்வைசரை அனுப்பியாச்சு. கேமராவை மூடியாச்சு. இப்ப இங்க யாரு இருக்கா?"

மாரிச்செல்வி தன் கால் விரல்களைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மரியாதைக் குறைவு. ஹெப்சிபா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே நீளமான வராந்தா. வெறுமையாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் யாரோ தும்மினார்கள். யாரோ சிரித்தார்கள். "ஏளா, காலைத் தூக்கி மேல வையி, அண்ணாச்சி மாதிரி" என்று ஒரு குரல். ஒரு பெரிய சிரிப்பு எழுந்து அடங்கியது. நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ பெருமூச்சு விட்டார்கள், சுமையை இறக்கி வைத்தவர்கள் விடுவார்களே, அப்படி.

முதல் புள்ளி பச்சையானது. மாரிச்செல்வி. அப்புறம் அவளுக்குப் பக்கத்தில். அப்புறம் ஒரு வரிசை முழுக்க.

ஹெப்சிபாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே வெட்கம் இருந்தது. தான் இல்லாத இடத்தில்தான் அவர்கள் உடம்பு அவர்களுடையதாகிறது. இந்தப் பச்சைப் புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்று வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அவருக்குத் தெரியும்.

வரதன் போனில் வந்தான். அவனும் சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அபாரம் டாக்டர்! வால்வெல்லாம் கத்துக்குது. அந்த அறிவிப்பை நிறுத்திடறேன். ரிப்போர்ட்ல பிழைக்குக் காரணம் போடணும். சென்சாரா, புரோகிராமா?"

"ரெண்டும் இல்ல. அளவு எடுத்தப்ப டாக்டர் பக்கத்துல இருந்தாங்கன்னு போடு."

"அப்படி ஒரு காரணம் லிஸ்ட்லயே இல்லையே டாக்டர்."

"சேர்த்துக்கோ. என் பேரோட."

போனை வைத்தபோது லிஃப்ட் திறந்தது. தவசிக்கனி அண்ணாச்சி கை வீசிக்கொண்டு வந்தார். "என்ன டாக்டர், நீங்க வெளிய நிக்கிய? உள்ள ஒரே சிரிப்பாணியா இருக்கு. என்ன நடக்குன்னு பாப்போம்" என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

"உள்ள போகாதீங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "எங் கடையில, நான் போகக் கூடாதா?"

ஹெப்சிபாவின் கெண்டைக்கால் மறுபடி இறுகியது. நாக்கு வரை "சரி அண்ணாச்சி" வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். "நீங்க போனா எந்திரிச்சிருவாங்க. நான் போனாலும் எந்திரிச்சிருவாங்க. எந்திரிச்சா அளவு போச்சு. அப்புறம் எவளாவது வீட்டுல போய் நிம்மதியா உக்காந்தா, செத்துப்போவா."

அண்ணாச்சி கைப்பிடியைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்தார். உட்கார ஏதாவது இருக்கிறதா என்று வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். ஒன்றும் இல்லை. எல்லாம் உள்ளே இருந்தன.

"எவ்வளவு நேரம் டாக்டர் இப்படி நிக்கணும்?"

"அவங்களா எந்திரிக்கிற வரைக்கும், அண்ணாச்சி."

அண்ணாச்சி கால் மாற்றி நின்றார்.